ஷவர் தட்டுக்கு அடியில் இருப்பது இடைவெளியா, பொக்கா?

அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழு ஒரு பழுதுபார்ப்புக் கையேடு போடுகிறது. தமிழ்ப் பகுதி என் தலையில். குளியலறை அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஷவருக்குக் கீழே நின்று குளிக்கும் தட்டு இருக்கிறதே, அந்த ஷவர் தட்டைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் அதற்கும் தரைக்கும் நடுவில் காலியாக இடம் நிற்குமே, அதற்கு "இடைவெளி" என்று போட்டிருக்கிறேன். இடைவெளியை நிரப்பு, இடைவெளியை அடை என்று பக்கம் முழுக்க இடைவெளிதான். படித்துப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், "ஓரத்துல சிலிக்கோன் அடிக்கணும், அவ்வளவுதானே அக்கா?" என்று கேட்டாள். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

— செந்தூல்

அக்கா, வணக்கம். ஜெலுத்தோங்கில் வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். தமிழ் படித்தது பள்ளியோடு சரி, இருந்தாலும் இது என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

> ஓரத்துல சிலிக்கோன் அடிக்கணும், அவ்வளவுதானே

அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. இடைவெளி என்றால் யாருக்கும் கண்ணில் படுகிற இடம்தான் மனதில் வரும். சுவர் ஜூபினுக்கும் (டைல்) தட்டின் விளிம்புக்கும் நடுவில் உள்ள கோடு அது. அங்கே சிலிக்கோன் அடிப்பார்கள். தட்டு அடியில் தாங்கல் இல்லாமல் இருந்தால், ஆள் ஏறி நிற்கும்போதெல்லாம் அது கீழே வளையும், இறங்கினால் மேலே வரும். சிலிக்கோன் கிழியும். மறுபடி அடிப்பார்கள், மறுபடி கிழியும். அதைவிட மோசம், வளைகிற தட்டு கழிவுநீர்க் குழாயின் இணைப்பை ஒவ்வொரு முறையும் அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் நேராகக் கீழ்வீட்டுக் கூரையில்.

ஆக இரண்டு இடம், இரண்டு வேலை. கையேட்டிலும் இரண்டு சொல் வேண்டும். விளிம்பில் இருப்பதை "ஓரச்சந்து" என்று வையுங்கள். அடியில் இருப்பதை "அடிப்பொக்கு" என்று சொல்லலாம் என்பது என் யோசனை. பொக்கு நெல் பார்க்க நெல் மாதிரியே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. இங்கே வேலையாட்கள் ஜூபினைத் தட்டிப் பார்த்துவிட்டு "கொப்போங்" என்று மலாயில் சொல்வார்களே, உள்ளே காலி என்று, அதே பொருள். தட்டையும் அப்படியே விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். நிறைந்த இடம் மந்தமாக ஒலிக்கும், பொக்கு இருக்கும் இடம் டொங்கென்று எதிரொலிக்கும். பென்சிலால் அந்த எல்லையைக் குறித்துக்கொண்டு வந்தால் கழிவுத் துளையைச் சுற்றித்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். குழாய் வேலைக்கு இடம் விட்டவர்கள் அப்புறம் அதை நிரப்ப மறந்திருப்பார்கள்.

ஷவர் தட்டு என்ற பெயரை மாற்ற வேண்டாம். கடையில் அப்படிக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

— ஜெலுத்தோங்

தம்பி, உங்கள் விளக்கம் அருமை. ஆனால் பொக்கு என்பது பேச்சுவழக்காகத் தெரிகிறது. அச்சில் வரும் கையேட்டுக்கு "அடிவெற்றிடம்" பொருந்துமே? கூடவே ஒரு கேள்வி. தட்டுக்கு அடியில் பரப்பும் சிமெந்துக் கலவையை என்ன சொல்லப் போகிறோம்? "கலவைப் படுகை" என்று நான் முன்மொழிகிறேன். ஆற்றுப்படுகை போல மேலே இருப்பதைத் தாங்குவது.

— பிரிக்பீல்ட்ஸ்

ஐயா, கலவைப் படுகை நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்வோம். ஆனால் வெற்றிடம் வேண்டாமே. நம் பத்திரிகைகளில் வெற்றிடம் என்றால் ஆள் தேவைப்படும் காலிப் பணியிடம். அறிவியல் பாடத்தில் காற்றுகூட இல்லாத இடம். இங்கேயோ காற்று உண்டு, பல வீடுகளில் தண்ணீரும் தேங்கியிருக்கும். பேச்சுவழக்கு என்கிறீர்கள். ரசமட்டம், தூக்குக்குண்டு, வாட்டம் எல்லாமே கொத்தனார் வாயில் இருந்தவைதானே?

வாட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. அக்கா, கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள். நம் ஊரில் ஜூபின் தரைக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கொடுத்தே பழகியவர்கள் தட்டையும் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். தட்டுக்குள் வாட்டம் வார்ப்பிலேயே இருக்கிறது. தட்டை ரசமட்டம் பார்த்து நேராக வைக்க வேண்டும். சாய்ந்ததைத் தூக்க ஒரு மூலையில் ஆப்பு செருகுவார்கள், அங்கேதான் அடிப்பொக்கு பிறக்கிறது.

சரி செய்யும் முறையை இப்படி எழுதலாம்: முதலில் கசிவு உண்டா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் காய்ந்த பிறகே நிரப்ப வேண்டும். தட்டைச் சேதமில்லாமல் எடுக்க முடிந்தால், எடுத்துவிட்டு நாலைந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெந்து என்ற கலவையில் முழுப் படுகை போட்டுத் திரும்ப வைப்பதே சிறந்தது. உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். கால் வைத்த தட்டானால் கால்களைத் திருகி மட்டம் செய்தாலே போதும், சில சமயம்.

எடுக்க முடியாதபோதுதான் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் கலவையைத் திணிப்பது, அல்லது நுரை. நுரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை வேண்டும். சாதாரண டின் நுரை காற்றின் ஈரத்தால்தான் இறுகும். மூடிய இடத்தில் அதிகமாக அடித்தால் நடுவில் இறுகாமல் கிடக்கும், ஊதிப்போய்த் தட்டையே தூக்கிவிடவும் செய்யும். குறைவாக உப்பும் நுரையை வாங்கி, தட்டின் மேல் பாரம் ஏற்றி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். அடிப்பொக்குக்குள் சிலிக்கோனைத் திணிப்பவர்களும் உண்டு. அது பாரம் தாங்காது, பணம்தான் விரயம்.

ஓரச்சந்து கடைசியில். தட்டில் பாரம் இருக்கும்போதே சிலிக்கோன் அடித்து, இறுகும்வரை பாரத்தை எடுக்காமல் விட வேண்டும். சந்து விரிந்திருக்கும்போது அடித்தால் பிறகு இழுபடாது.

— ஜெலுத்தோங்

தம்பி, ஐயா, இருவருக்கும் நன்றி. அடிப்பொக்கு, ஓரச்சந்து, கலவைப் படுகை மூன்றையும் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திருத்தியதைக் கொடுத்தேன். படித்து முடிக்கும் முன்பே எழுந்துபோய்த் தன் வீட்டுத் தட்டைத் தட்டிப் பார்த்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி. சாவி வாங்கி 24 மாதம் ஆகாத வீடு என்றால் தாங்களே கை வைக்காமல், வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் சோதனை செய்ய வேண்டும். பழுது மேல்வீட்டில்தான் என்ற அனுமானத்தோடு அது தொடங்கும். அந்த ஒழுகலுக்கு "மாடியிடைக் கசிவு" என்று எழுதியிருக்கிறேன். ஐயா, சரியா?

— செந்தூல்