ஆபரேட்டராவே இருக்கறதா, செட்டிங் கத்துக்கறதா?

குறிச்சி ஆபரேட்டர்:
ஐ.டி.ஐ டர்னர் முடிச்சுட்டு கோவை குறிச்சி சிட்கோவுல ஒரு டர்னிங் ஷாப்புல நாலு வருஷமா சி.என்.சி (கம்ப்யூட்டர் ஓட்டற கடைசல் மெஷின்) ஆபரேட்டரா இருக்கேனுங்க. ஜாப் மாட்டறது, சைக்கிள் ஸ்டார்ட் பச்சை பட்டன அமுத்தறது, பத்து பீஸுக்கு ஒருதடவ அளக்கறது, இதேதான். புது ஜாப்புக்கு மெஷின தயார் பண்ற செட்டர் அண்ணன் லீவு போட்டா மெஷின் நிக்குது. ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணி நேரம் இருந்து செட்டிங் கத்துக்கலாம்னு நினைக்கறேன். கூட இருக்கறவங்க, "கம்பெனி மாறு, ரெண்டாயிரம் கூட கிடைக்கும்"ங்கறாங்க.

பழைய செட்டர்:
இருந்து கத்துக்கங்க தம்பி. ஆபரேட்டராவே மாறினா அங்கயும் அதே பச்சை பட்டன்தான். நான் ஆபரேட்டரா இருந்தப்ப ஒரு நோட்டு போட்டேன். எந்த இன்சர்ட் (டூலோட வெட்டற முனை) எத்தன பீஸ் தாங்குது, எந்த பீஸுல இருந்து வெளிவிட்டம் ஏறுதுன்னு தினமும் எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லல. மூணு மாசத்துல ரிஜெக்ஷன் எப்ப வரும்னு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சுது. அதப் பாத்துட்டுத்தான் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, டூல் எங்க இருக்குன்னு மெஷினுக்குச் சொல்ற டூல் ஆஃப்செட் எடுக்க விட்டார்.

ஒசூர் நைட் ஷிப்ட்:
எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நானும் ஆர்வமாத்தான் இறங்கினேன். ஒன்றரை வருஷம் செட்டர் வேலை, ஆபரேட்டர் சம்பளம். ஒரு நாள், டூல் தேயறதுக்கு ஏத்தபடி அளவ சரிக்கட்டற வேர் ஆஃப்செட்டுல 0.04 மில்லிமீட்டர் குறைக்கணும். இருக்கற மதிப்போட கூட்டற "+இன்புட்" அமுத்தறதுக்குப் பதிலா, புது மதிப்பு போடற "இன்புட்" அமுத்திட்டேன். ஏற்கெனவே இருந்த மதிப்பு அழிஞ்சு போச்சு. கவனிக்கறதுக்குள்ள இருபது பீஸ் ஸ்க்ராப். "உன்ன யாரு தொடச் சொன்னா?"ன்னு கேட்டாங்க. முந்தின நாள் வரைக்கும் தொடச் சொன்னதே அவங்கதான்.
கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்னு சட்டத்துலயே இருக்கு. கத்துக்கறோம்னு சொல்லி அந்த நேரத்த நாமளே ஏன் சும்மா குடுக்கணும்?

பழைய செட்டர்:
கத்துக்கறது வேற, புரொடக்ஷன் ஓட்டறது வேற. நின்னு பாக்கச் சொல்றேன், பீஸ் எடுத்துக் குடுக்கச் சொல்லல. உங்களையே கேக்கறேன், இப்ப என்ன வேலை பாக்கறீங்க?

ஒசூர் நைட் ஷிப்ட்:
வேற கம்பெனில செட்டர். இன்டர்வியூல டூல பீஸுல தொட வெச்சு (டூல் டச்) ஆஃப்செட் போட்டுக் காட்டச் சொன்னாங்க, கை தடுமாறல. அத மறுக்கல. ஆனா அந்த ஒன்றரை வருஷம் தங்கச்சி காலேஜ் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கினேன். எனக்கு வர வேண்டிய சம்பளம் வந்திருந்தா அந்தக் கடனே இல்ல. "அனுபவம் கிடைச்சுதே"ன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கேஜ் ரூம்:
நான் இன்ஸ்பெக்ஷன்ல இருக்கறவ. யாருக்குத் தெரிஞ்சு செய்யறோம்ங்கறத ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. எங்க ஷாப்புல சுவத்துல ஸ்கில் மேட்ரிக்ஸ் சார்ட் இருக்கு. ஒவ்வொருத்தர் பேருக்கு நேராவும் என்னென்ன வேலை தெரியும்னு கால் வட்டம், அரை வட்டமா நிரப்பியிருக்கும். வண்டி கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் போடற இடம்னா ஆடிட்ல அதக் கேப்பாங்க. உங்க பேருக்கு நேரா செட்டிங் கட்டத்துல "பயிற்சியில்"னு போட்டு சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கிட்டு மெஷின தொடுங்க தம்பி. நாளைக்கு பீஸ் போனாலும் யாரு தொடச் சொன்னாங்கற கேள்வி வராது. சம்பளம் கேக்கறப்பவும் அதக் காட்டலாம்.

ஒசூர் நைட் ஷிப்ட்:
முழு வட்டம் போட்டுட்டு சம்பளத்த ஏத்தாத இடமும் இருக்குங்க. ஆனா இது நல்ல யோசனை. எனக்கு அப்ப யாரும் சொல்லல.

குறிச்சி ஆபரேட்டர்:
நேத்து சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை ஜாப் மாத்தறப்ப ஷிப்டுக்குள்ளயே செட்டர் அண்ணன் கூட நிக்கச் சொல்லிட்டார். சார்ட்டுலயும் கால் வட்டம் போட்டாச்சு. சம்பளம் மட்டும் "அப்புறம் பாக்கலாம்"னார்.

ஒசூர் நைட் ஷிப்ட்:
எந்த மாசம்னு கேட்டு வாங்குங்க தம்பி. எனக்கும் "பாக்கலாம்"னுதான் சொன்னாங்க.

பழைய செட்டர்:
அது சரிதான், கேளுங்க. சனிக்கிழமை நோட்டு எடுத்துட்டுப் போங்க. பீஸப் பிடிக்கற சாஃப்ட் ஜாவ எப்படிக் குடையறார்னு (போரிங்) மொதல்ல பாருங்க. ஜா சரியாப் பிடிக்கலேன்னா ரன்அவுட் வரும், அதாவது பீஸ் மையம் விலகிச் சுத்தும், ஆஃப்செட்ட எவ்வளவு மாத்தினாலும் அது போகாது.