ஐரோப்பாவிலிருந்து டிராஃப்டுக்கு வரும் பையன்களில் யார் தேறுவார் என்று எதை வைத்துச் சொல்வது?

விடியற்காலை ஆட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்று வருடமாகத்தான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பார்க்கிறேன், அதுவும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவுதான். ஒரு கேள்வி ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிறது. 2019லிருந்து 2025 வரை ஏழு வருடமும் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிய ஒருவர்கூட அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை. அதில் கிரீஸின் யானிஸ் இரண்டு, செர்பியாவின் யோகிச் மூன்று, ஆக ஐந்து ஐரோப்பாவுக்கே போயிருக்கிறது. ஆனால் பழைய டிராஃப்ட் (என்.பி.ஏ. அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) பட்டியல்களைப் புரட்டினால் அதே ஐரோப்பாவிலிருந்து டார்கோ மிலிசிச் 2ஆவது இடம், ஸ்கிடிஷ்விலி 5ஆவது, டிராகன் பெண்டர் 4ஆவது, ஹெஸோன்யா 5ஆவது என்று தேர்வாகி, எதிர்பார்த்த உயரத்துக்கு வராமலே போனவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். யோகிச்சோ 41ஆவது!

என் அறைத் தோழன் "ஐரோப்பியர்கள் மென்மையானவர்கள், ஒன்றிரண்டு பேர் விதிவிலக்கு" என்று ஒரே போடாகப் போடுகிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. ஒரு பையன் அங்கே ஆடும்போதே இவன் தேறுவான் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஏதாவது உண்டா? உயரமா, ஷூட்டிங்கா, ஆடும் லீக்கின் தரமா?

பழைய பெஞ்ச்:

தம்பி, நான் டிர்க் நோவிட்ஸ்கி வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். இந்த "மென்மை" பேச்சை அப்போதே கேட்டு அலுத்துவிட்டது. 1998இல் டிர்க் வந்தபோது ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் வூர்ஸ்பர்க் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த பையன். முதல் சீசனில் சராசரி 8.2 புள்ளி, இவர் தேறமாட்டார் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். டாலஸ் பொறுமையாக இருந்தது. 2007இல் எம்.வி.பி., 2011இல் கோப்பை.

நீங்கள் கேட்ட அடையாளத்துக்கு வருகிறேன். நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தப் பையன் வளர்ந்த ஆண்களோடு எத்தனை நிமிடம் ஆடினான், ஆடும்போது பந்து அவன் கையில் இருந்ததா? லீக்கின் பெயர் எனக்கு இரண்டாம் பட்சம். யானிஸ் கிரீஸில் ஆடியதும் இரண்டாம் டிவிஷன்தான், ஃபிலாத்லிதிகோஸ் என்ற சின்னக் கிளப். ஆனால் அந்த உயரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட அங்கே விட்டார்கள். பெண்டர் டிராஃப்டுக்கு வந்தது மக்காபி டெல் அவிவிலிருந்து, ஐரோப்பாவின் முதன்மை லீக்கான யூரோலீக்கில் ஆடும் கிளப், எவ்வளவு பெரிய பெயர்! ஆனால் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியில் ஷூட் பண்ணும் வீடியோவையும் உயரத்தையும் பார்த்து 4ஆவதாக எடுத்தார்கள். பெரிய கிளப்பின் பெஞ்சை விடச் சின்னக் கிளப்பின் களம் மேல், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

யோகிச் ஆடியது பெல்கிரேடில் மேகா கிளப்புக்கு. இளம் பையன்களைக் களத்தில் இறக்கி வளர்ப்பதுதான் அந்தக் கிளப்பின் தொழிலே. 2014 டிராஃப்டில் அவர் பெயரை வாசித்தபோது தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் செர்பியாவில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்கு அடுத்த வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரை எடுத்த டென்வர் அணி உடனே கூப்பிடவில்லை, அவர் இன்னொரு சீசன் அங்கேயே ஆடி ஏட்ரியாட்டிக் லீக்கின் எம்.வி.பி. ஆனார், அதற்கப்புறம்தான் விமானம் ஏறினார். அந்த ஒரு வருடம் டென்வரில் பெஞ்சில் கழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அப்புறம் போய்ச் சேரும் இடம். டார்கோ 2003இல் 18 வயதில் டெட்ராய்ட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் கார்மெலோ, பாஷ், வேட். அதனால்தான் இன்றுவரை அவர் பெயரை இழுக்கிறார்கள். டெட்ராய்ட் அந்த சீசனிலேயே கோப்பை வாங்கிய அணி. பென் வாலஸ் இருக்கிறார், நடுவில் ரஷீத் வாலஸும் வந்துவிட்டார், கோச் லாரி பிரவுன் ஒரு 18 வயதுப் பையனுக்கு எங்கிருந்து நிமிடம் கொடுப்பார்? ஆட்டத்துக்குச் சராசரி ஐந்து நிமிடம்கூட வரவில்லை. யானிஸ் 2013இல் போய்ச் சேர்ந்த மில்வாக்கி அந்த சீசனில் 82இல் 15 ஆட்டம்தான் ஜெயித்தது. தோல்வி மேல் தோல்வி கண்ட அணி. அதனால் 77 ஆட்டங்களில் இறக்கி, தப்புப் பண்ண விட்டார்கள். சராசரி 6.8 புள்ளிதான், யாரும் கவலைப்படவில்லை. டார்கோ மீது குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு பையன்களையும் அணி மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் கதை இப்படி இருந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

லா ஷப்பெல்:

நான் பாரிஸில் இருக்கிறேன். பழைய பெஞ்ச் அண்ணா சொன்னதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி. பிரான்ஸின் வெம்பன்யாமா என்.பி.ஏ.வுக்குப் போகும் முன் 2022-23 சீசனில் ஆடியது மெட்ரோபோலிட்டன்ஸ் 92 என்ற அணிக்கு, லெவலுவாவில் ஒரு சின்ன அரங்கம். அதற்கு முதல் வருடம் அவர் டோனி பார்க்கரின் ஆஸ்வெல் கிளப்பில் யூரோலீக் ஆடிக்கொண்டிருந்த பெடியன். யூரோலீக்கை விட்டுவிட்டு ஏன் யூரோலீக் இல்லாத அணிக்கு வருகிறார் என்று இங்கே நிறையக் கதைத்தார்கள். காரணம் வெளிப்படையானது: கோச் வின்சென்ட் கொலே, அவரைச் சுற்றியே கட்டப்பட்ட அணி, வாரத்துக்கு ஒரு ஆட்டம், மிச்ச நாளெல்லாம் உடம்பை வளர்க்கும் பயிற்சி. அந்த வருடம் பிரெஞ்சு லீக்கில் அதிகப் புள்ளியும் அவர்தான், எம்.வி.பி.யும் அவர்தான்.

நான் போன ஆட்டத்தில் அவர் அடித்த புள்ளிகள் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது எதிரணியின் கார்டு (பந்தைக் கொண்டுவருபவர்) ஒருவர். ஸ்க்ரீனை (சக ஆட்டக்காரர் நின்று போடும் தடுப்பை) தாண்டி வேகமாக உள்ளே நுழைவார், வளையத்துக்கும் தனக்கும் நடுவில் யாருமே இல்லை, வெம்பன்யாமா இன்னும் இரண்டு எட்டு தள்ளித்தான் நிற்கிறார். இருந்தும் அந்த மனுஷன் பந்தைக் கையில் எடுத்து, ஒரு கணம் நின்று, அப்படியே திரும்பி வெளியே கொண்டுபோய்விடுவார். இது ஒரு தடவை இல்லை, அன்று திரும்பத் திரும்ப நடந்தது. பிளாக் (ஷாட்டைத் தடுத்தது) என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. அதைப் பார்த்தபோதே இவர் எங்கே போனாலும் ஆடுவார் என்று பக்கத்தில் இருந்த என் தம்பியிடம் சொன்னேன்.

அதே அணியில் பிலால் கூலிபாலி. சீசன் தொடக்கத்தில் பெரும்பாலும் இளையோர் அணியோடு ஆடிக்கொண்டிருந்த பெடியன், வெம்பன்யாமாவைப் பார்க்க வந்த, ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் எல்லோரும் இவரையும் பார்த்தார்கள், 7ஆவதாகப் போனார். இப்படியும் நடக்கும்.

மாலைப் பயிற்சி:

நான் பள்ளிப் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன், அந்தக் கோணத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விளையாட்டு இல்லை, இதைப் புரிந்துகொள்ளாமல் யார் தேறுவார் என்று கணிக்க முடியாது. ஐரோப்பாவில் ஆடும் சர்வதேச (ஃபிபா) விதியில் த்ரீ பாயின்ட் கோடு 6.75 மீட்டர், என்.பி.ஏ.வில் மேலே 7.24. கிட்டத்தட்ட அரை மீட்டர். அதனால் அங்கே டிஃபென்ஸ் இன்னும் விரிந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் டிஃபென்ஸுக்கான மூன்று விநாடி விதி. என்.பி.ஏ.வில் யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காவல் காக்காமல் ஒரு சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆள்) பெயின்ட்டுக்குள் (வளையத்துக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதி) மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. ஐரோப்பாவில் அந்த விதியே இல்லை, ஏழடி ஆள் வளையத்துக்கு அடியில் தூண் மாதிரி நிற்கலாம். அந்த நெரிசலில் 16 வயதிலிருந்து புகுந்து வழி கண்டுபிடித்த பையனுக்கு என்.பி.ஏ. களம் காலி மைதானமாகத் தெரியும். ஸ்கோர் பண்ணுவது என்.பி.ஏ.வில்தான் சுலபம் என்று ஸ்லோவேனியாவின் டான்சிச் சொன்னபோது சிலர் அதைத் திமிர் என்றார்கள். திமிர் இல்லை, விதிப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்.

டான்சிச் வேகமில்லாதவர் என்றுதான் 2018இல் ஃபீனிக்ஸும் சாக்ரமென்டோவும் அவரைத் தாண்டிப்போனார்கள். அட்லாண்டா எடுத்து டாலஸுக்குக் கொடுத்துவிட்டது. ஒரு மாதம் முன்புதான் பெல்கிரேடில் ரியல் மாட்ரிட்டுக்காக ஆடி ஃபெனர்பாச்சேயை 85-80 என்று வென்று, 19 வயதில் யூரோலீக் கோப்பை, சீசன் எம்.வி.பி., ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகளின் சுற்று) எம்.வி.பி. மூன்றையும் வாங்கியிருந்தார்! என் பையன்களுக்கு அவருடைய பிக் அண்ட் ரோலை (சக ஆட்டக்காரர் போடும் ஸ்க்ரீனை வைத்து ஆடும் முறை) நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவேன். ஸ்க்ரீனைத் தாண்டியதும் ஓடமாட்டார். தன்னைத் துரத்தி வரும் டிஃபென்டரை முதுகுக்குப் பின்னால் வைத்து, இடுப்பாலேயே அடைத்துவிட்டு, வேகத்தைக் குறைப்பார். இப்போது எதிரே இருக்கிற சென்டர் முடிவெடுத்தாக வேண்டும். இவர்மீது வந்தால் பந்து மேலே லாப் (தலைக்கு மேல் தூக்கிப் போடும் பாஸ்), வராவிட்டால் ஃப்ளோட்டர் (மெதுவாகத் தூக்கி எறியும் ஷாட்). சென்டரின் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்த பிறகுதான் இவர் கை நகரும். குதிக்கும் உயரத்தையும் ஓட்ட நேரத்தையும் அளக்கிறவர்களுக்கு இதை அளக்கக் கருவி இல்லை.

விடியற்காலை ஆட்டம்:

ரொம்ப நன்றி, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒரு சந்தேகம். ஆண்களோடு ஆடிய நிமிடம்தான் முக்கியம் என்றால், யூரோலீக்கையே ஆண்டவர்கள் என்.பி.ஏ. போய்க் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டுமே? மிசிச்சை ஓக்லஹோமாவில் பார்த்தேன், சுமாராகத்தானே ஆடினார்?

நான்காவது குவார்ட்டர்:

சரியான கேள்வி. பழைய பெஞ்ச் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான், அந்த மீதிப் பாதி இதுதான். வாசிலியே மிசிச் 2021இல் யூரோலீக் எம்.வி.பி., 2021, 2022 இரண்டு வருடமும் ஃபைனல் ஃபோர் எம்.வி.பி. 2023இல் ஓக்லஹோமா வந்தார், அங்கே பந்து ஷேய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் கையில். பாதி சீசனில் சார்லட்டுக்கு அனுப்பினார்கள், கடைசியில் ஐரோப்பாவுக்கே திரும்பிவிட்டார். ஸ்பனூலிஸ் 2006-07இல் ஹூஸ்டனில் ஒரே ஒரு சீசன், வீடு திரும்பி அதற்கப்புறம் மூன்று யூரோலீக் கோப்பை, மூன்றிலும் ஃபைனல் ஃபோர் எம்.வி.பி. அவரை யாராவது தோற்றவர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். யான் வெசெலியை 2011இல் வாஷிங்டன் 6ஆவதாக எடுத்தது, மூன்று சீசனில் முடிந்தது, அதே வெசெலி 2019இல் யூரோலீக் எம்.வி.பி.

இவர்களில் யாருக்கும் ஆட்டம் தெரியாமல் இல்லை. பந்து கையில் இருந்தால்தான் முழு மதிப்பு என்கிற ஆளைக் கூட்டிவந்து மூலையில் நிற்க வைத்தால், அவர் நிற்பார், அவ்வளவுதான். 28, 29 வயதில் கொடுத்த வேலைக்குத் தன் ஆட்டத்தையே மாற்றுவது பெரிய கஷ்டம். போக்டன் போக்டனோவிச்சும் யூரோலீக் கோப்பையோடுதான் வந்தார், ஆனால் அவருக்குப் பந்து கையில் இல்லாமலே, ஓடி வந்து வாங்கி ஷூட் பண்ணத் தெரியும், அதனால் நிலைத்தார். ஆக நான் கேட்கிற கேள்வி வேறு: பந்து இல்லாத நேரத்தில் இந்தப் பையன் என்ன செய்கிறான்? ஹைலைட் வீடியோவில் இது தெரியாது, முழு ஆட்டம் பார்க்க வேண்டும்.

ஷெங்குன் கதையும் பாருங்கள். 18 வயதில் துருக்கி லீக்கின் எம்.வி.பி., இருந்தும் 16ஆவதுதான், ஏனென்றால் முதுகைக் காட்டி ஆடும் சென்டருக்கு இப்போது காலமில்லை என்றார்கள். முதல் சீசன் ஹூஸ்டனில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தார். அப்புறம் அணி அவர் வழியாகவே ஆட ஆரம்பித்தது, 2025இல் ஆல் ஸ்டார் (சீசனின் சிறந்தவர்கள் ஆடும் சிறப்பு ஆட்டம்) ஆட்டத்துக்கே தேர்வானார்.

பழைய பெஞ்ச்:

அந்த மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். மிசிச் விஷயத்தில் எனக்கும் பெரிய வருத்தம்.

தம்பி, இப்போது வருகிறவர்களைப் பார்க்கும்போது ஒரு புது விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நல்ல பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஐரோப்பியப் பையன்கள் 18 வயதில் அங்கே போய்விடுகிறார்கள். எகோர் டெமின் ரியல் மாட்ரிட்டிலிருந்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு, யாகுச்சியோனிஸ் பார்சலோனாவிலிருந்து இலினாய்க்கு. பையன்களைக் குறை சொல்லமாட்டேன், பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்காருவதை விட அங்கே பந்து கையில் கிடைக்கிறது. ஆனால் 30 வயது ஆளிடம் இடி வாங்கி, ஒரு தப்பான பாஸுக்காகக் கோச் வெளியே இழுத்துப் போடுகிற அந்த வளர்ப்பு கல்லூரியில் கிடைக்காது. டான்சிச்சை அதுதான் உருவாக்கியது, 16 வயதில் ரியலின் பெரியவர்கள் அணியில் இறங்கியவர்.

2025 டிராஃப்டில் புரூக்லின் முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேரை எடுத்தது. அதில் 8ஆவதாக டெமின், 19ஆவதாகப் பிரான்ஸிலிருந்து நோலன் த்ராவோரே, 26ஆவதாக ஜெர்மனியின் உல்ம் கிளப்பில் ஆடிய பென் சராஃப். மூன்று பேருமே பந்தைக் கையில் வைத்து ஆடிப் பழகியவர்கள். அணியை முதலிலிருந்து கட்டுகிற இடம் என்பதால் 2013 மில்வாக்கி மாதிரியே நிமிடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் களத்தில் இருப்பது ஒரே பந்து. நான்காவது குவார்ட்டர் கேட்ட கேள்வியோடு புரூக்லின் ஆட்டத்தைப் பாருங்கள்: த்ராவோரே பந்தைக் கொண்டுவரும்போது டெமின் எங்கே போய் நிற்கிறார், நின்ற இடத்தில் பந்து வந்தால் யோசிக்காமல் ஷூட் பண்ணுகிறாரா? ஒரு பத்து ஆட்டம் முழுசாகப் பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.