கேம்பர் ட்ரெய்லர்ல சிங்க் தண்ணி விட்டா குளிக்கிற ட்ரேல பொங்குது, வேஸ்ட் லைனை மாத்தணும், உதவுங்க

செம்மண்ரோடு (காரைக்குடி):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள்ட்ட ஒரு சின்ன கேம்பர் ட்ரெய்லர் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, பொலேரோவுல மாட்டி இழுத்துட்டுப் போவோம். உள்ள ஒரு சிங்க், அதை ஒட்டி குளிக்க ஒரு சின்ன ஃபைபர் ட்ரே, அம்புட்டுதான். டாய்லெட் தனி கேசட் (கழட்டி எடுத்துக் கொட்டுற பெட்டி), அதுல ஒரு தொந்தரவும் இல்ல. தொந்தரவு எல்லாம் வேஸ்ட் தண்ணியிலதான்.

வாஷிங் மெஷினுக்குப் போடுற சுருள் ஹோஸ் இருக்குல்ல, அதுல ஒண்ணு சிங்க்குல இருந்து, ஒண்ணு ட்ரேல இருந்து, ரெண்டையும் தரைக்குக் கீழ T வடிவ ஜாயிண்ட் ஒண்ணு போட்டு சேத்து, ஒரே ஹோஸா ஆக்சிலுக்கு அடியில தொங்கவிட்டு பின் பம்பர் வரைக்கும் இழுத்துருக்காங்க. டேங்க் கிடையாது, முனையில பக்கெட் வைக்கணும். சோறு வடிச்ச கஞ்சியை சிங்க்குல ஊத்துனா கொஞ்ச நேரத்துல ட்ரே ஓட்டை வழியா வெள்ளையா பொங்கி வருது. அது தெரியாம குளிக்கப் போன எங்க அப்பத்தாவுக்கு காலு வழுக்கிருச்சு, நல்லவேளை கதவைப் பிடிச்சுட்டாங்க. ஆத்தங்குடி பக்கம் கண்மாய்க்கரை மண்ரோட்டுல போனப்ப ஹோஸ் தரையில உரசி கிழிஞ்சு வேற போச்சு, அதை டேப் சுத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன். வெயில்ல பூட்டி வெச்சு தொறந்தா அடிக்கிற வாடை சொல்லி மாளாது.

எல்லாத்தையும் கழட்டிட்டு அடியில ஒரு 60 லிட்டர் டேங்க் மாட்டி, பிவிசி பைப் போட்டு, வால்வு வெச்சு விடலாம்னு இருக்கேன். பைப் எத்தனை இன்ச், சாய்மானம் எவ்வளவு, டேங்க்கை எங்க மாட்டுறது, ட்ரேக்கு அடியில இடமே இல்லையே, டிராப் (வாடை மேல வராம தண்ணி தேங்கி நிக்கிற வளைவு) எப்படி வைக்கிறது? ட்ரே அடியில இருந்து சேசிஸ் அடி வரைக்கும் 5 இன்ச்தான் இருக்கு. வீட்டுல ப்ளம்பிங் பாக்குற அண்ணனைக் கூப்புட்டேன், வண்டின்னதும் யோசிக்கிறாரு.

பைப்வேலை (தேவகோட்டை):

தம்பி, தண்ணி எங்க பள்ளமோ அங்க வரும். உங்க வண்டியில ரொம்பப் பள்ளத்துல இருக்குற ஓட்டை ட்ரே ஓட்டைதான், ரெண்டும் ஒரே லைன்ல சேந்து அந்த லைன் முன்னாடி போயி அடைச்சா வேற எங்கிட்டு வரும்? அதுவும் கஞ்சி. சூட்டோட இருக்கப்ப தண்ணி மாதிரி ஓடும், ஆறுனா கூழாயிரும், சுருள் ஹோஸோட ஒவ்வொரு மடிப்புலயும் போயி உக்காந்துக்கும், அது மேல நல்லெண்ணெய் படியும், அது மேல சோத்துப் பருக்கை. கிழிஞ்ச ஹோஸை குறுக்க வெட்டிப் பாருங்க, உள்ள பாதி மூடியிருக்கும். வாடையும் அங்கேருந்துதான்.

அதனால முதல் வேலை, உள்பக்கம் வழவழன்னு இருக்குற பைப். ஒன்றரை இன்ச் போதும். ரெண்டாவது, சிங்க்கையும் ட்ரேயையும் சேக்கவே சேக்காதீங்க, ரெண்டும் தனித்தனியா டேங்க் தலையில போயி இறங்கட்டும், அப்பதான் ஒண்ணு இன்னொண்ணை எட்டிப் பாக்காது. சாய்மானம் மீட்டருக்கு 2 செ.மீ. இருந்தா நல்லா ஓடும். 90 டிகிரி எல்போ போடுற இடத்துல ரெண்டு 45 டிகிரி எல்போ போடுங்க, பின்னாடி அடைச்சாலும் ஸ்பிரிங் விட்டு எடுக்கலாம்.

இன்னொண்ணு, சாதா பிவிசி 60 டிகிரிக்கு மேல தாங்காது, தளந்து தொங்கிரும். கொதிக்கிற கஞ்சியை நேரா ஊத்துற வீடுன்னா சிங்க்குல இருந்து இறங்குற பைப்பை மட்டுமாவது சூடு தாங்குற சிபிவிசியில போடுங்க, அதை ஒட்டுற சொல்யூஷன் (பைப் பசை) வேற, பிவிசி சொல்யூஷனைத் தடவி ஒட்டாதீங்க.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, பைப்பு எல்லாம் நீங்க பாத்துக்கங்க, கஞ்சியை எதுக்குப்பா சிங்க்குல ஊத்துறீங்க? ஒரு தூக்குச்சட்டியில வடிச்சு வெச்சா போற ஊருல மாட்டுக்கு ஊத்தலாம், உப்புப் போட்டு நீங்களே குடிக்கலாம். குழம்புச் சட்டியை கழுவுறதுக்கு முன்னாடி எண்ணெயை பழைய பேப்பர்ல தொடச்சு எடுங்க, சிங்க் வாயில சின்ன சல்லடை போடுங்க. பாதி அடைப்பு அதுலயே நின்னுரும். அப்பத்தாவுக்கு ட்ரேக்குப் பக்கத்துல ஒரு கைப்பிடி அடிச்சுக் குடுங்க, அதை முதல்ல செய்யிங்க.

ஊர்சுத்தி (திருச்சி):

டிராப் இருந்தாலும் லைன்ல காத்து போக வழி இல்லன்னா தண்ணி இறங்கறப்ப டிராப்ல நிக்கிற தண்ணியையும் உறிஞ்சிட்டுப் போயிரும், அப்புறம் வாடை நேரா உள்ளதான். சிங்க்குக்குக் கீழ காத்தை உள்ள மட்டும் விடுற வால்வு ஒண்ணு கிடைக்குது, அதை மாட்டுனா கூரையில ஓட்டை போட வேண்டியதில்ல. என் வேன்ல அதுதான், வேலை முடிஞ்சுது.

இழுவண்டி (கோயம்புத்தூர்):

மேல சொன்ன நண்பர் வேன்ல டேங்க் இருக்கான்னு தெரியல, செம்மண்ரோடு டேங்க் வைக்கப் போறாரு, அங்கதான் வித்தியாசம். அந்த வால்வு காத்தை உள்ள விடும், வெளிய விடாது. மூடுன டேங்க்குல 10 லிட்டர் தண்ணி இறங்குனா 10 லிட்டர் காத்து வெளிய வந்தாகணும், வழி இல்லன்னா அது சிங்க் வழியா குளுக் குளுக்னு வரும், வாடையையும் கூட்டிட்டு வரும். அதனால டேங்க் தலையில இருந்து ஒரு முக்கால் இன்ச் பைப் சுவரோட மேல ஏத்தி கூரைக்கு மேல தொறந்து விட்டே ஆகணும், வாயில கொசுவலை கட்டிருங்க. அது இருக்கப்ப சிங்க்குக்குக் கீழ அந்த வால்வும் வெச்சா இன்னும் நல்லது, ஆனா அது மட்டும் போதாது.

ட்ரேக்கு அடியில நானி டிராப் (பாத்ரூம் தரையில பதிக்கிற டிராப்) உக்காராது, விட்டுருங்க. தண்ணி நிக்காம ரப்பர் சவ்வு வெச்சு மூடிக்கிற டிராப் இருக்கு, குழாய் மாதிரி படுக்கையாவே மாட்டலாம், தண்ணி வந்தா விரியும், நின்னா மூடிக்கும். கேரவன் சாமான் விக்கிற ஆன்லைன் கடைகள்ல கிடைக்கும். வண்டிக்கு இதுல இன்னொரு லாபம், சாதா டிராப்ல இருக்குற தண்ணி பிரேக் அடிக்கறப்பவும் பள்ளத்துல விழுறப்பவும் அலம்பி வெளிய போயிரும், இதுல அலம்ப எதுவுமே இல்ல.

டேங்க் விஷயத்துலதான் ரொம்பக் கவனம் வேணும். 60 லிட்டர்னா நிறைஞ்சா தண்ணி மட்டும் 60 கிலோ. அதைக் கொண்டு போயி பின் பம்பர் பக்கம் மாட்டுனா முன்னாடி கொக்கியில விழுற பாரம் குறைஞ்சு ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும், வேகத்துல போறப்ப இழுக்குற வண்டியையே சேத்து ஆட்டிரும். ஆக்சிலுக்குப் பக்கத்துல, முடிஞ்சா ஆக்சிலுக்கு ஒரு சாண் முன்னாடி மாட்டுங்க. உள் அளவு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம்னு செஞ்சா 60 லிட்டர் பிடிக்கும், அடி ஆக்சில் மட்டத்துக்குக் கீழ இறங்காம பாத்துக்கங்க. டேங்க் தலை ட்ரே ஓட்டையை விட பள்ளத்துல இருக்கணும், இல்லன்னா நிறைஞ்சதும் பழையபடி ட்ரேலதான் பொங்கும். ஒன்றரை இன்ச் ஆங்கிள்ல கூண்டு அடிச்சு உள்ள உக்கார வெச்சு மேல பட்டா போட்டு முறுக்குங்க, சேசிஸ்ல வெல்டிங் வைக்காம போல்ட்ல பிடிங்க.

பிளாஸ்டிக் டேங்க்குல பைப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டலாம்னு நினைக்காதீங்க, அந்தப் பிளாஸ்டிக்ல ஒட்டாது. ரப்பர் வாஷர் போட்ட டேங்க் நிப்பிள்தான். மேல பாடி ஒரு மாதிரி ஆடும், டேங்க் ஒரு மாதிரி ஆடும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் ரப்பர் ஹோஸ் விட்டு கிளிப் போட்டா ஜாயிண்ட் விடாது.

செம்மண்ரோடு:

ரொம்ப நன்றிண்ணே, ஆச்சிக்கும் நன்றி, கைப்பிடி நேத்தே அடிச்சாச்சு. ஹோஸை வெட்டிப் பாத்தேன், தேவகோட்டை அண்ணன் சொன்ன மாதிரியே உள்ள மெழுகு ஊத்துன மாதிரி வெள்ளையா கெட்டியா இருக்கு, சுண்டுவிரல்தான் நுழையுது. ரெண்டு சந்தேகம் பாக்கி. சிங்க் லைன் ஆக்சிலுக்கு மேலதான் கடந்து வரணும், எவ்வளவு இடைவெளி விடணும்? வால்வு கேட் வால்வா பால் வால்வா? தண்ணியை எங்க தொறந்து விடுறதுன்னும் சொல்லுங்க, போற ஊரெல்லாம் சாக்கடை இருக்காது.

இழுவண்டி:

ஆக்சில் அசையாம இருக்கறப்ப அளக்காதீங்க. பட்டை ஸ்பிரிங் முழுசா அமுங்குனா ஆக்சில் எங்க வரைக்கும் ஏறும்னு பாத்து, அதுக்கு மேல ஒரு இன்ச்சாவது விட்டு பைப்பை விடுங்க. இல்லன்னா ஒரே ஒரு வேகத்தடை போதும், பைப் நொறுங்கிரும். இடம் பத்தலன்னா டேங்க்கை சிங்க் பக்கமே தள்ளி ஆக்சிலைக் கடக்காம முடிச்சுக்கங்க, அதுதான் உத்தமம். பைப்பை ரெண்டடிக்கு ஒரு கிளாம்ப், உள்ள ரப்பர் துண்டு வெச்சுப் பிடிங்க.

வால்வு, ஒன்றரை இன்ச் பால் வால்வு போதும், தொறந்தா முழு வாயும் தொறக்கும். வீட்டு லைனுக்குப் போடுற பித்தளை கேட் வால்வுல அடிப் பள்ளத்துல பருக்கை சிக்கி முழுசா மூடாது. டேங்க்கோட ரொம்பப் பள்ளமான மூலையில எடுத்து, கைப்பிடி டயர் கல்லடி படாத பக்கம் வர்ற மாதிரி வைங்க.

பைப்வேலை:

எங்க விடுறதுன்னு கேட்டீங்க, அதுக்கு நான் சொல்றேன். நம்ம பக்கம் ரோட்டோரம் வாய்க்கால் காஞ்சு கிடக்கேன்னு மட்டும் விட்டுறாதீங்க. பழைய செட்டிநாட்டு வீடுகள்ல முற்றத்துல விழுற மழைத்தண்ணி தெரு வாய்க்கால் வழியா ஊருணிக்குப் போற மாதிரி கட்டி வெச்சுருக்காங்க. நீங்க விடுற சோப்புத் தண்ணியும் அடுத்த மழையில அங்கதான் போகும். செருப்பைக் கழட்டிட்டு இறங்கி தண்ணி எடுக்குற ஊருணியெல்லாம் நம்ம பக்கம் இருக்குதுல்ல. தங்குற இடத்துல கேட்டு வாழைக்கோ தென்னைக்கோ ஹோஸ் போட்டு விடுங்க, இல்ல வீட்டுக்குக் கொண்டாந்து சாக்கடையில விடுங்க. ஒரு நாளைக்கு மேல டேங்க்குல வைக்காதீங்க, அழுகிரும். ஓடுறப்பவும் முடிஞ்ச வரைக்கும் டேங்க் காலியா இருக்கட்டும்.

ஒட்டி முடிச்சதும் ஒரு நாள் அசைக்காம விட்டு, வால்வை மூடி ட்ரே வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் அடியில பேப்பர் விரிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. சொட்டு விழுந்தா பேப்பர்ல தெரிஞ்சுரும். அதுக்கப்புறம் பலகை மூடுங்க.

செம்மண்ரோடு:

முடிச்சாச்சுண்ணே. டேங்க்கை சிங்க் பக்கமே ஆக்சிலுக்கு முன்னாடி மாட்டிட்டேன், எந்த லைனும் ஆக்சிலைக் கடக்கல. சவ்வு டிராப் கொரியர்ல வந்துச்சு, ட்ரேக்கு அடியில கச்சிதமா படுத்துக்கிச்சு. பேப்பர் வெச்சுப் பாத்ததுல ஒரு நிப்பிள் மட்டும் கசிஞ்சுது, வாஷரை மாத்தி முறுக்குனதும் நின்னுருச்சு. சிங்க் நிறைய தண்ணி பிடிச்சு ஒரே நேரத்துல தொறந்து விட்டேன், ட்ரேல ஒரு சொட்டு இல்ல, குளுக் சத்தமும் இல்ல. கானாடுகாத்தான் வரைக்கும் அந்த மோசமான ரோட்டுலயே ஓட்டிட்டு வந்து அடியில படுத்துப் பாத்தேன், கிளாம்ப் ஒண்ணும் அசையல. கூரை பைப் வாயில கொசுவலை மட்டும் கட்டணும், நாளைக்குக் கட்டிருவேன்.