நடமாடும் மனநல வண்டி உங்க வீட்டுக்கு வந்திருக்கா? அனுபவத்த எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். என் தம்பி குடிய நிறுத்தி மூணாவது நாள். ராத்திரி ஒரு மணிக்கு போர்வைய உதறி உதறி பூச்சி பூச்சின்னு கத்துறான், செவுத்துகிட்ட யாரோ நிக்கிறாங்கன்னு கைல கிடைச்சத தூக்குறான். புத்தி பேதலிச்சுப் போச்சுன்னே நாங்க முடிவு பண்ணிட்டோம். மனநல ஹெல்ப்லைனுக்கு போன் போட்டோம், எடுத்த அக்கா கேட்ட முதல் கேள்வியே கடைசியா எப்ப குடிச்சார்னுதான். அடுத்து கத்தி, பூச்சிமருந்தெல்லாம் எங்க இருக்கு, யாராவது எடுத்து மறைங்கன்னாங்க. வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ரோடு லட்சணம் அப்படி. அதுவரை அவங்க லைன்லயே இருந்தாங்க, டவர் போயி ரெண்டு தடவ கட் ஆனப்பவும் அவங்கதான் திரும்பக் கூப்டாங்க.

வந்தது ஒரு நர்ஸ் அண்ணன், ஒரு கவுன்சிலர் அக்கா. சைரன் இல்ல, யூனிஃபார்ம் இல்ல. வந்ததும் அட்வைஸ்தான் பண்ணுவாங்கன்னு நெனச்சேன், அந்தண்ணன் லைட்டப் போடச் சொல்லி, டிவிய அணைக்கச் சொல்லி, வேடிக்கை பாக்க வந்த கூட்டத்த வாசலோட அனுப்பிட்டு, விரல்ல குத்தி சுகர் பாத்தார், காய்ச்சல், பிரஷர் பாத்தார். தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல இப்படி ஆகும், ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்து, வீட்ல வச்சுக்கக் கூடாதுன்னுட்டார். டாக்டர்கிட்ட வீடியோ கால்ல காட்டிட்டு, தயமின்னு ஒரு வைட்டமின் (பி1) ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க. கட்டிப் போடல. அத ஏன் சொல்றேன்னா, முந்தின வருஷம் இதே நிலமைல இருந்த ஒருத்தர கயித்தால கட்டி போலீஸ் ஜீப்ல ஏத்தினத நான் கண்ணால பாத்திருக்கேன்.

*பதில்*

அந்த மாதிரி ஒரு டீம்ல நாலு வருஷம் இருந்தேங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேப்போம், வீட்டுக்காரங்க பதறுவாங்க, நீங்களே எடுத்துக் குடுக்குற மாதிரி இருக்கேன்னு. அப்படி ஆகாது. ஒரு பொண்ணு முக்கா மணி நேரமா வாயே தொறக்கல, நானும் தரையிலயே உக்காந்துட்டேன், அந்தக் கேள்வியக் கேட்டதும்தான் தலகாணிக்கு அடியில இருந்த மாத்திரை அட்டைய எடுத்து என் கைல குடுத்துச்சு.

ஆனா சேவைய விரிவாக்குறோம்னு சொல்லி எங்கள என்ன பண்ணாங்க தெரியுமா, அதே வண்டி, அதே ஆளுங்க, ஏரியா மட்டும் ரெண்டு மடங்கு. முன்னாடி மறுநாளோ அதுக்கு மறுநாளோ திரும்பப் போயி பாத்துருவோம், அது பத்து நாள் தள்ளிப் போச்சு. முதல் தடவ போறது அன்னைக்கு ராத்திரிய கடத்தத்தான், ஆள் தேறுறது திரும்பத் திரும்பப் போறதுலதான் இருக்கு, அதத்தான் முதல்ல வெட்டுனாங்க. அமெரிக்காவுல யூஜின்ங்கிற ஊர்ல 1989லயே போலீசுக்கு பதிலா வேன்ல ஒரு மெடிக்கல் ஆளும் ஒரு கவுன்சிலரும் போற கஹூட்ஸ்னு ஒரு சேவை ஆரம்பிச்சாங்க, எல்லா ஊரும் அதத்தான் உதாரணமா காட்டும், அதுவே காசு பிரச்சனையில 2025ல அந்த ஊர்லயே நின்னு போச்சு. புது வண்டிய கொடியசைச்சு விட எல்லாரும் வருவாங்க, ராத்திரி டூட்டிக்கு மூணாவது ஆள் சம்பளம் கேட்டா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

*பதில்*

மேல சொன்ன திரும்பி வர்றது, எங்க வீட்ல நடக்கல. அப்பாவுக்கு முதல் நாள் நல்லாத்தான் பாத்தாங்க, குறை சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை வர்றோம்னாங்க. அம்மா காலைலயே வீட்டப் பெருக்கி வாசல்ல சேர் போட்டு வச்சாங்க, வெள்ளி, சனியும் போட்டாங்க. அப்புறம் நாங்களே பஸ் ஏறி அவங்க இருக்குற இடத்துக்குப் போயிட்டோம், அப்பா வழி பூரா முதல் நாள் வந்த அந்த அக்கா இருப்பாங்களான்னு கேட்டுட்டே வந்தார். அங்க வேற ஆள் இருந்தாங்க. முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லச் சொன்னாங்க, அப்பா எந்திரிச்சு வெளிய வந்துட்டார்.