அக்டோபரில் மெனிண்டி ஏரிகளில் தூண்டில் போடலாமா?

வைகைக்கரை:
வணக்கம். அடிலெய்டில் இருக்கிறேன். அக்டோபர் பள்ளி விடுமுறையில் பிரோக்கன் ஹில் வழியாக நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் மெனிண்டி போய், நான்கு நாள் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று திட்டம். கூட 12 வயது மகள் வருகிறாள். அவளுக்கு ஒரு மர்ரே காட், அந்தப் பெரிய நன்னீர் மீனைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எனக்குக் கடல் தூண்டில்தான் பழக்கம். எந்த ஏரி, என்ன இரை? போனவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்சாலை:
தம்பி, பிரோக்கன் ஹில்லில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். விடுமுறை கிடைத்தால் மெனிண்டிக்கு ஓடிவிடுவேன்.

முதலில் ஒன்று. அக்டோபரில் காட் பிடிக்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை அதற்குத் தடைக்காலம். அப்போதுதான் அது முட்டையிடும், ஆண் மீன் முட்டைக்குப் பக்கத்திலேயே காவல் கிடக்கும். படம் எடுக்க அதைத் தூக்கினால் கூடு காவலில்லாமல் போய்விடும். தற்செயலாக மாட்டினால் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

மகளுக்கு யெல்லோபெல்லியைக் காட்டுங்கள். சட்டத்தில் கோல்டன் பெர்ச் என்று இருக்கும். இந்த ஏரிகளுக்குத் தண்ணீர் தரும் டார்லிங் ஆற்றை, அந்த மண்ணின் பார்க்கிந்ஜி மக்கள் பாக்கா என்பார்கள். வெள்ளம் வரும்போது இந்த மீன் ஆற்றில் முட்டையிடும். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு வெகுதூரம் மிதந்து வந்து, ஆழம் குறைந்த இந்த ஏரிகளில் இரை தின்று வளரும். அப்படி வந்து சேர்ந்த மீன்தான் உங்கள் மகள் கையில் இருக்கப்போவது. இதை அவளுக்குச் சொல்லுங்கள்.

நான் உட்காருவது பமமாரூ ஏரிக்கரையில். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்த மரத்தடிதான் மீனுக்கு வீடு. யாபியை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம், நம் வயல் நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் இருக்கும். வாலை உரித்து முள்ளில் கோத்து, சின்ன ஈயத்தோடு மரத்தை ஒட்டிப் போடுங்கள். தூண்டில் நரம்பை விரலில் பிடித்திருங்கள். முதலில் டொக், டொக் என்று இரண்டு தட்டு. இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள். அடுத்து நரம்பு மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். அப்போது தூக்குங்கள். கலங்கிய நீரில் முதலில் ஒரு மஞ்சள் வயிறு புரளும். அதைப் பார்த்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

ஏரிமீன்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் நமக்கு உரிமக் கட்டணம் இல்லை, எல்லை தாண்டினால் உண்டு. இணையத்திலேயே கட்டிவிடலாம். 18 வயதுக்குக் கீழ் என்பதால் மகளுக்குத் தேவையில்லை. யெல்லோபெல்லி 30 செ.மீ.க்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், ஒருவருக்கு நாளைக்கு 5. சில்வர் பெர்ச்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இனம். யெல்லோபெல்லிக்கு வால் விளிம்பு வளைவாக இருக்கும், சில்வருக்குக் கொஞ்சம் பிளந்திருக்கும், வாயும் சிறியது. மூடிய யாபிக் கூண்டு 2021 முதல் அங்கே தடை, மேல்புறம் திறந்த வலைதான் எடுத்துப் போக வேண்டும்.

வைகைக்கரை:
காட் தடைக்காலம் எனக்குத் தெரியவே தெரியாது, நல்ல வேளை கேட்டேன். இன்னொன்று. 2023இல் மெனிண்டியில் மீன்கள் செத்து மிதந்த படங்களைப் பார்த்ததிலிருந்து வீட்டில் தயங்குகிறார்கள். அங்கே போய் மீன் பிடிப்பது சரிதானா?

செம்மண்சாலை:
அந்த மார்ச்சில் நான் அங்கே போயிருந்தேன், தம்பி. ஊருக்குள் நுழையும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஆறு தெரியவில்லை, கரைக்குக் கரை வெள்ளையாக மீன் மட்டும். வெள்ளம் வடிந்த நீரில் ஆக்ஸிஜன் குறைந்துபோய், கூடவே வெயிலும் சேர்ந்து, கோடிக்கணக்கில் செத்தன. பெரும்பாலும் போனி பிரீம். யெல்லோபெல்லியும் காட்டும் அதில் கிடந்தன. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் இதேபோல் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது, அதில் பல பத்தாண்டு வாழ்ந்த பெரிய காட்கள் போய்விட்டன.

போகலாம். ஆனால் சட்டம் 5 என்றாலும் நான் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. ஒரு குழம்புக்கு அது போதும், வயிற்றுக் கொழுப்பை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். விடுகிற மீனை ஈரக் கையால் பிடியுங்கள், வெயிலில் காய்ந்த மண்ணில் கிடத்தாதீர்கள். கிளம்பும் முன் நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நீரைத் தொட வேண்டாம். பிரோக்கன் ஹில்லிலிருந்து 110 கிலோமீட்டர், தார்ச்சாலைதான். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும். மெனிண்டி கடிகாரம் உங்களுடையதைவிட அரை மணி முன்னால் ஓடும், விடியலில் தூண்டில் போட நினைத்தால் அதைக் கணக்கில் வையுங்கள்.