டூரரின் குதிரைவீரர்கள்: வேகம் கோட்டிலா, டெக்ஸ்சரிலா?

மரக்கட்டை, செப்புத்தகடு, இரும்புத்தகடு என மூன்று அச்சு முறைகள் தங்களுக்குள் வாதாடுகின்றன.

மரக்கட்டை
மறுமலர்ச்சிக் காலச் சமய அச்சுகளில் நம்மை உலுக்குவது கோடுதான், டெக்ஸ்சர், அதாவது பரப்பைத் தொட்டுணர்வது போன்ற தன்மை, அதற்குத் துணை என்பது என் வாதம். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1498-இல் வெளியிட்ட, பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டைச் சித்தரிக்கும் மரக்கட்டை அச்சு வரிசையின் நான்கு குதிரைவீரர்களை எடுத்துக்கொள்வோம். பின்னால் நெருக்கமான கிடைமட்டக் கோடுகள், அவற்றின் குறுக்கே சாய்வாகப் பாயும் குதிரைகள். நடுவில் இருப்பவன் வீசும் தராசு, போகும் வேகத்தில் பின்னால் பறக்கிறது. அந்தக் கிடைக்கோடுகளை எடுத்துவிட்டால் குதிரைகள் நின்றுவிடும்.

செப்புத்தகடு
ஒத்துக்கொள்ள மாட்டேன். மார்ட்டின் ஷோங்கவர் 1470-களில் செப்பில் செதுக்கிய வனத்து அந்தோணியார் சோதனையில், பேய்கள் அந்தத் துறவியை வதைக்கும் காட்சியில், பாய்ச்சலே கிடையாது. பின்புலம் ஏறக்குறைய வெறும் தாள். அந்தரத்தில் அவரைப் பிய்த்து இழுக்கும் பேய்களில் ஒன்றுக்குச் செதில், ஒன்றுக்கு முள், ஒன்றுக்கு ரோமம். ஒவ்வொன்றுக்கும் உளி வேறு மாதிரி நகர்ந்திருக்கிறது. நடுவே சலனமில்லாத அந்த முகம்! இளம் மைக்கேலாஞ்சலோ இதை வண்ணத்தில் பிரதி எடுக்க மீன் சந்தைக்குப் போய் மீன்களின் துடுப்புகளையும் கண்களின் நிறத்தையும் கவனித்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கொண்டிவி சொல்கிறார். அவரை இழுத்தது எதுவென்று இதிலேயே தெரிகிறது.

மரக்கட்டை
அது செப்பு தரும் வசதி. உளியை அழுத்தினால் மை தங்கும் பள்ளம் ஆழமாகி அகலும், தளர்த்தினால் முடிபோல மெலியும். மரத்தில் கோட்டை யாரும் கீறுவதில்லை. இரு பக்கமும் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் மேடுதான் கோடு. குறுக்குக்கோடு வேண்டுமென்றால் இடையிலுள்ள ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்தையும் நாலு பக்கமும் வெட்டித் தோண்ட வேண்டும். கத்தி கோட்டின் அடிப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்தால் மேடு அச்சில் ஒடியும். மை கூடினால் கட்டங்கள் அடைந்து கரும்புள்ளியாகும். அதனால்தான் டூரர் பெரும்பாலும் இணைகோட்டையே நம்பினார். அதையும் தடித்து மெலிய வைத்தார், அதுதான் அவர் சாதனை.

செப்புத்தகடு
தடித்து மெலியும் கோடு குதிரையின் வயிற்றை உருட்டிக் காட்டுகிறது. அதைத்தானே டெக்ஸ்சர் என்கிறேன்?

இரும்புத்தகடு
இருவரும் டூரரின் 1515 கெத்செமனி அச்சை, இயேசு தோட்டத்தில் வேதனையோடு ஜெபிக்கும் காட்சியை, விட்டுவிட்டீர்கள். இரும்புத் தகட்டில் அமிலம் அரித்தது. எல்லாக் கோட்டையும் ஒரே நேரம் அரிக்கவிட்டால் தடிமன் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், செப்பு உளியின் நெளிவு வராது. ஆனாலும் காற்றில் அலைக்கழியும் அந்த மரம் பதறவைக்கிறது. கோடு கம்பிபோல முறுக்கிப் போகும் திசையே போதும். செதிலும் ரோமமும் தேவைப்படவில்லை.

செப்புத்தகடு
அந்த அச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன். அந்தோணியாருக்கு மாட்டேன். தகட்டில் மெல்லிய கோடுகள் தேய்ந்துபோன பிறகு எடுத்த அச்சையும் தொடக்கத்தில் எடுத்த கூர்மையான அச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவங்களின் வெளிக்கோடு இரண்டிலும் அப்படியே இருக்கும், தேய்ந்ததில் பேய்கள் மட்டும் பொம்மையாகியிருக்கும்.