பர்மா சண்டை பத்தி படிக்கணும், எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?

கோத்தகிரி_வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மாவுல இருந்தாருன்னு வீட்ல சொல்லுவாங்க, அதுக்கு மேல யாருக்கும் எதுவும் தெரியல, அவரும் உயிரோட இருந்தப்ப வாயத் தொறந்து பேசினதில்லையாம். ஆறு முனை வச்ச ஒரு நட்சத்திர மெடல் மட்டும் பீரோவுல இருக்கு, கருநீலம் சிவப்பு ஆரஞ்சு ரிப்பன். நெட்ல தேடினா பர்மா ஸ்டார்னு வருது. எனக்கு அந்தச் சண்டை முழுசா ஆரம்பத்துல இருந்து புரியணும். வீடியோ பாத்தா ஒண்ணு முழுக்க வெள்ளக்காரங்க கதையா இருக்கு, இல்லன்னா முழுக்க நேதாஜி கதையா இருக்கு, நம்ம மலையில இருந்தும் கீழ இருந்தும் போன ஆளுங்க இதுல எங்க இருந்தாங்கன்னே தெரிய மாட்டேங்குது. இங்கிலீஷ் ஓரளவு படிப்பேன், தமிழ்ல இருந்தா இன்னும் சந்தோஷம். பட்டாலியன் நம்பரா அடுக்கிட்டே போற புத்தகம் வேணாம், படிச்சா அங்க என்ன நடந்துச்சுன்னு கண்ணு முன்னாடி தெரியணும்.

வெலிங்டன்_ரிடையர்டு:

தம்பி, நல்ல காரியம் செய்றீங்க. ஸ்லிம் எழுதின டிஃபீட் இன்ட்டு விக்டரி, 1956ல வந்தது, அதுல ஆரம்பிங்க. பர்மாவுல ஜப்பான்காரன எதிர்த்து நின்ன பதினாலாவது ஆர்மிக்கு அவர்தான் கமாண்டர். நான் சர்வீஸ்ல இருக்கும்போதே படிச்சேன், இன்னைக்கும் எடுத்துப் படிப்பேன். ஜெனரல்கள் எழுதுற புத்தகத்துல பாதிக்கு மேல தன் பெருமையா இருக்கும், இவரு புத்தகத்தோட முதல் பகுதி முழுக்க 1942ல வாங்கின அடி. ஜனவரில ஜப்பான்காரன் உள்ள வந்தான், பிப்ரவரி 23ல சித்தாங் ஆத்துப் பாலத்த நம்ம ஆளுங்களே வெடி வச்சு தகர்த்தாங்க, அப்ப டிவிஷன்ல, அதாவது பல ஆயிரம் பேர் இருக்கிற படைப்பிரிவுல, பெரும்பகுதி அக்கரையில மாட்டிக்கிச்சு, மார்ச் 8ல ரங்கூன் போச்சு, அப்புறம் மணிப்பூர்ல இருக்கிற இம்பால் வரைக்கும் பின்வாங்கல்தான். நம்ம குன்னூர்ல கடைசி வரைக்கும் இருந்தாரே மானெக்‌ஷா, பின்னாடி ராணுவத் தளபதி ஆனவரு, அவரு கேப்டனா வயித்துல குண்டு வாங்கினது அந்த சித்தாங் சண்டையிலதான், அதுக்குத்தான் மிலிட்டரி கிராஸ்.

ஸ்லிம்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது சண்டைக்கு முன்னாடி அவரு செஞ்ச வேலைய எழுதின பகுதி. 1943ல காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு ஆளுக்கு காய்ச்சல் வயித்துப்போக்குன்னு நோய்ல போறவன் 120 பேர்னு கணக்கு சொல்றாரு, யோசிச்சுப் பாருங்க, ஜப்பான்காரன் சுடவே வேணாம். ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் உலகத்துக்குக் கிடைச்சிட்டிருந்த கொய்னாவுல, அதாவது மலேரியா மருந்துல, பெரும்பகுதி நின்னு போச்சு. நம்ம நடுவட்டத்துல கொய்னா எடுக்கிற சிங்கோனா மரமும் கொய்னா ஃபேக்டரியும் இருந்துச்சுல்ல, அதோட மதிப்பு அந்த நேரத்துல என்னன்னு இதப் படிச்சாதான் புரியும். ஆனா முன்னணியில இருந்த அவ்வளவு பெரிய படைக்கு கொய்னா எங்க பத்தும், அதுக்குப் பதிலா மெபாக்ரின்னு ஒரு மலேரியா மாத்திரைதான் குடுத்தாங்க, அத முழுங்காம துப்பினவங்க இருந்தாங்க, ஸ்லிம் என்ன பண்ணாருன்னா திடீர்னு போய் எல்லாருக்கும் பரிசோதனை, மாத்திரை சாப்பிட்டவங்க 95 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அந்தப் பிரிவோட கமாண்டர வேலையவிட்டே தூக்கிட்டாரு, மூணு பேர தூக்கினதும் மத்தவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. பாராசூட்டுக்கு பட்டுத்துணி கிடைக்கலன்னு கல்கத்தாவுல சணல்ல பாராசூட் பண்ண வச்ச கதையும் அதுல இருக்கு. நாகாலாந்து கோஹிமாவுக்கு ஜப்பானோட ஒரு முழு டிவிஷன் காட்டு வழியா வரும்னு தான் கணிக்கலன்னு நேராவே எழுதியிருக்காரு. அந்த நேர்மைக்காகவே படிக்கணும்.

ஊட்டி_டீச்சர்:

சார் சொன்னத நான் மறுக்கல, ஆனா தம்பி அந்த ஒரு புத்தகத்தோட நிறுத்திட வேணாம். ஸ்லிம் ஜெயிச்ச படையோட தலைவர், அவரு பார்க்கிற இடம் மேல இருந்து. ஐ.என்.ஏ., அதாவது ஜப்பான் பக்கம் நின்ன நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அதப் பத்தி அவரு எழுதுறது ரொம்ப ஏளனமா இருக்கும், அந்தப் பக்கம் நின்னவங்க ஏன் நின்னாங்கன்னு கேட்கவே மாட்டாரு. அதனால அடுத்து லூயி ஆலன் எழுதின பர்மா தி லாங்கஸ்ட் வார், 1984ல வந்தது. இவருக்கு ஜப்பானிய மொழி தெரியும், போர்ல உளவுப்பிரிவு அதிகாரியா இருந்தவரு, அதனால ஜப்பான் பக்கத்து ஆவணம், நினைவுகள் எல்லாத்தையும் படிச்சு எழுதியிருக்காரு. 1944 மார்ச்ல ஜப்பான் படைத் தளபதி முத்தாகுச்சி மூணு டிவிஷனக் கூட்டிட்டு சின்ட்வின் ஆத்தத் தாண்டி வந்தாரு, மூணு வாரத்துல இம்பால புடிச்சு அங்க இருக்கிற சாப்பாட்டையே சாப்பிட்டுக்கலாம்னு கணக்கு. இம்பால் விழல. கோஹிமாவுல அவருக்குக் கீழ இருந்த ஜெனரல் சாட்டோவோட டிவிஷன் பசியில கிடந்துச்சு, கேட்ட அரிசியும் குண்டும் வரவே இல்ல, கடைசில சாட்டோ மேலிடத்து உத்தரவ மீறி தன் ஆளுங்களத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. திரும்பிப் போற வழியில மழையிலயும் பசியிலயும் செத்தவங்கதான் ஏராளம். எதிரிதானேன்னு அதத் தாண்டிப் போக முடியாது, எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

நீங்க கேட்ட நம்ம ஆளுங்க எங்கங்கிற கேள்விக்கு ஸ்ரீநாத் ராகவன் எழுதின இண்டியாஸ் வார், 2016. 1939ல ரெண்டு லட்சம் மாதிரி இருந்த இந்திய ராணுவம் 1945ல 25 லட்சம் ஆச்சு, யாரையும் சட்டம் போட்டு இழுக்கல, அப்ப ஏன் இவ்வளவு பேர் போனாங்க, ஊர்ல விலைவாசி என்ன, சம்பளம் என்ன, சென்னை மாகாணத்துல இருந்து ஏன் திடீர்னு ஆள் எடுத்தாங்க, எல்லாம் அதுல வருது. மதராஸிங்க சண்டைக்கு லாயக்கில்லன்னு முதல் போருக்கு அப்புறம் மதராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியன ஒவ்வொண்ணா கலைச்சவங்கதான் இந்தப் போர்ல ஆள் வேணும்னதும் திரும்ப ஆரம்பிச்சாங்க, அதப் படிக்கும்போது கோபம் வரும். கதை மாதிரி படிக்கணும்னா ரகு கர்னாட் எழுதின ஃபார்தெஸ்ட் ஃபீல்டு, 2015. தன் குடும்பத்துல போருக்குப் போன மூணு இளைஞர்கள தேடிப் போய் எழுதினது, கோழிக்கோடு, மெட்ராஸ், கடைசில இம்பால்னு போகும். தாத்தா பத்தி ஒண்ணுமே தெரியாத உங்கள மாதிரி ஒருத்தருக்கு இதவிடப் பொருத்தமான புத்தகம் இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி ஊட்டில நீலகிரி லைப்ரரில கேட்டுப் பாருங்க, மெம்பர் ஆகணும், பழைய பட்டாள புத்தகங்களுக்கு இந்த மலையில முதல்ல தேட வேண்டிய இடம் அதுதான்.

கூடலூர்_தோழன்:

தமிழ்ல யாரும் சொல்லலையேன்னு வந்தேன். வெ. சாமிநாத சர்மா எழுதின எனது பர்மா வழிநடைப் பயணம் கண்டிப்பா படிங்க அண்ணா. ரங்கூன்ல ஜோதின்னு பத்திரிகை நடத்தினவரு, 1942ல குண்டு விழ ஆரம்பிச்சதும் மனைவியோட கால்நடையா இந்தியாவுக்கு வந்தாரு. அந்த வருஷம் அப்படிக் கிளம்பி வந்த இந்தியர்கள் லட்சக்கணக்குல, வழியில காலராவுலயும் பசியிலயும் செத்தவங்க எத்தனையோ பேர். பட்டாளத்துக்காரங்க புத்தகத்துல அகதிகள் ரோட்ட அடைச்சிக்கிட்டாங்கன்னு ஒரு வரில முடிச்சிருவாங்க, அந்த ரோட்டுல நடந்தவன் எழுதினத தமிழ்லயே படிக்கிறது பெரிய விஷயம், யாரும் பேசாம கிடக்குதேன்னு எனக்கு ஆதங்கம்.

அப்புறம் ப. சிங்காரம் எழுதின புயலிலே ஒரு தோணி. நாவல்தான், களமும் பர்மா இல்ல, இந்தோனேசியாவுல மெடான், மலேயாவுல பினாங்கு பக்கம், ஆனா ஜப்பான் ஆட்சியில தென்கிழக்கு ஆசியத் தமிழன் எப்படி இருந்தான், ஐ.என்.ஏ.வுல ஏன் சேர்ந்தான்னு அதுமாதிரி சொன்ன வரலாற்றுப் புத்தகத்த நான் பாக்கல. மலேயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின தமிழங்க, பொம்பளைங்க உட்பட, அந்தப் படையில நிறைய பேர். தேயிலைத் தோட்டத்து லைன்ல வளர்ந்தவன் நானு, அதனால அவங்க கதை எனக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. இங்கிலீஷ்ல ஐ.என்.ஏ.வுக்குன்னா பீட்டர் வார்டு ஃபே எழுதின தி ஃபர்காட்டன் ஆர்மி, 1993, ஐ.என்.ஏ. பெண்கள் படைக்குத் தலைமை தாங்கின கேப்டன் லட்சுமி கிட்டயும் அவங்க வீட்டுக்காரர் பிரேம் சேகல் கிட்டயும் உக்காந்து பேசி எழுதினது. ஒரே சண்டையில ரெண்டு பக்கமும் தமிழ் பேசினவன் இருந்திருக்கான், அதனால ஒரு பக்கத்துப் புத்தகம் மட்டும் படிச்சா அரைகுறையாதான் இருக்கும்.

கோத்தகிரி_வாசகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் அக்கா சொன்ன கர்னாட் புத்தகமும் சர்மா புத்தகமும் முதல்ல வாங்குறேன், அப்புறம் ஸ்லிம். இதப் படிச்சிட்டு அம்மாகிட்ட திரும்பக் கேட்டேன், பீரோவுல தேடி தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக் ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க, பாதி கரையான், ஆனா இண்டியன் பயனியர் கார்ப்ஸ்னு தெளிவா இருக்கு, கம்பெனி நம்பர் அரைகுறையாத் தெரியுது. அவரு துப்பாக்கி புடிச்சு சண்டை போட்டாருன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம். பயனியர்னா என்ன சார், அவங்களப் பத்தி புத்தகம் இருக்கா?

வெலிங்டன்_ரிடையர்டு:

தம்பி, பயனியர்னா ரோடு போடுறது, பாலத்துக்கு மண்ணு சுமக்கிறது, சரக்கு இறக்குறது, ஏர்ஸ்ட்ரிப் சமப்படுத்துறது. சென்னை மாகாணத்து ஆளுங்க பயனியர்லயும் சாப்பர்ஸ்ங்கிற ராணுவ இன்ஜினியர் பிரிவுலயும் லாரி கம்பெனிலயும் நிறைய. கொறைச்சு நெனைக்காதீங்க. பர்மா சண்டையே ரோட்டுச் சண்டைதான், திமாப்பூர்ல ரயில் நின்னா அங்க இருந்து கோஹிமா 46 மைல், அதுக்கப்புறம் இம்பால், மழை பெஞ்சா மலையே சரிஞ்சு ரோட்டுல விழும், குன்னூர் காட் ரோட்டுல மழைக்காலத்துல மாட்டினவனுக்கு இது புரியும். அந்த ரோட்ட வெட்டித் திறந்து வச்சது நம்ம ஆளுங்க கை. 1944 ஜூன் 22ல 109வது மைல்கல் கிட்ட கோஹிமா பக்கம் இருந்தும் இம்பால் பக்கம் இருந்தும் வந்த நம்ம படைங்க சேர்ந்து ரோடு திறந்தப்பதான் இம்பால் தப்பிச்சதுன்னே சொல்லலாம். டிசம்பர்ல கலேவாவுல சின்ட்வின் ஆத்துக்குக் குறுக்க 1154 அடில பெய்லி பாலம், அதாவது இரும்புத் துண்டுகளக் கோத்துப் போடுற ராணுவப் பாலம், போட்டாங்க, அந்தக் காலத்துல உலகத்துலயே அதுதான் நீளமான பெய்லி பாலம்.

கம்பெனி நம்பர் எத்தனை எழுத்து தெரியுதோ அத்தனையும் அப்படியே எழுதி வச்சுக்கோங்க, அந்தப் பக்கத்த வெயில்ல காட்டாம போட்டோ எடுங்க. லண்டன் கியூவுல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூ.ஓ. 172ங்கிற வரிசையில தென்கிழக்கு ஆசியப் படைகளோட வார் டைரி, அதாவது அன்னன்னைக்கு நடந்தத எழுதின குறிப்பு, இருக்கு, நம்பர் கிடைச்சா அங்க எழுதிக் கேட்கலாம்.

ஊட்டி_டீச்சர்:

பயனியர் வேலை எங்கெங்க நடந்துச்சுன்னு தெரிய, இந்திய அரசு போட்ட அதிகாரபூர்வ வரலாறு இருக்கு, பிஷேஷ்வர் பிரசாத் பொதுப் பதிப்பாசிரியர், அதுல தி ரீகான்குவெஸ்ட் ஆஃப் பர்மா ரெண்டு வால்யூம். முழுசா உக்காந்து படிக்கிற புத்தகம் இல்ல, நீங்க வேணாம்னு சொன்ன பட்டாலியன் நம்பரெல்லாம் அதுல வரும், ஆனா அதுலயே ரோடு, சப்ளை பத்தி வர்ற பகுதிய மட்டும் தேடிப் படிக்கலாம். பெரிய மேப் ஒண்ணு பக்கத்துல விரிச்சு வச்சுக்கோங்க, திமாப்பூர், கோஹிமா, பலேல், தாமு, திட்டிம், கலேவா, அந்த வரிசையில பென்சில்ல கோடு போட்டுக்கிட்டே வாங்க. டிஸ்சார்ஜ் புக்குல சேர்ந்த தேதி இருந்தா போடுங்க தம்பி, 1943ஆ 1944ஆன்னு தெரிஞ்சா எந்த அத்தியாயத்துல தேடணும்னு நானே பாத்துச் சொல்றேன்.